மீஞ்சூரிலிருந்து பள்ளிக்கரணை வரை: சென்னையின் கிணற்றடிகள்

திங்கள், கொளத்தூர்

கொளத்தூர் அத்தை வீட்டில் மூன்று விதத் தண்ணீர். தரைத்தொட்டியான சம்ப்பில் வந்து விழும் மெட்ரோ வாட்டர் சமையலுக்கு. போர் தண்ணீர் துணிக்கும் பாத்ரூமுக்கும். குடிக்கக் கேன். திருச்சியில் எல்லாவற்றுக்கும் காவிரித் தண்ணீர் ஒன்றையே பிடித்துப் பழகிய எனக்கு எந்தக் குழாயை எதற்குத் திறப்பது என்று பிடிபடவே நேரமானது. "அந்தப் பைப்புல வாய் கொப்பளிக்காதடா" என்று அத்தை சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

நான் நிலவியல் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் இல்லை என்று நாடே பேசியது. ஏரி வறண்ட படம், குடங்களின் வரிசை, லாரி, எல்லாம் பார்த்தாயிற்று. தரைக்குள் மிச்சம் கிடந்த தண்ணீர் என்ன ஆனது என்பதைத்தான் யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. பஞ்சத்தில் தண்ணீர் கீழே போகிறது, சரி. போகிறபோது அதன் குணமும் மாறுகிறது. அடுத்த மழையில் மட்டம் திரும்பி வருகிறது, குணமும் கூடவே வருகிறதா? இந்த மே மாத விடுமுறையில் அதை ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதாகத் திட்டம். "வெயில்ல இப்படி ஒரு டூரா" என்றார் மாமா.

முதல் பாடம் வீட்டுப் பாத்ரூமிலேயே கிடைத்தது. சாயங்காலம் போர் மோட்டார் போட்டு ஒரு வெள்ளை வாளியில் பிடித்தேன். பளிங்காக இருந்தது. இரவு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் லேசான மஞ்சள். படுக்கப் போகும்போது மேலே எண்ணெய் படர்ந்த மாதிரி ஒரு மெல்லிய ஆடை, அடியில் செம்மண் நிறத்தில் வண்டல். இரும்பு. தரைக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை இரும்பு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் பிரியும். வடக்கு, மேற்குச் சென்னையில் களிமண் பகுதி அதிகம். களிமண்ணுக்கு அடியில் காற்று புகாத தண்ணீரில் இந்தத் தொல்லை வழக்கமானது. வறண்ட வருஷத்தில் வெள்ளைச் சட்டையே வாங்குவதில்லை என்றார் அத்தை.

பேனா அளவில் ஒரு டிடிஎஸ் மீட்டர் கொண்டுவந்திருக்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை மொத்தமாகத் தோராயமாகச் சொல்லும். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பேனா எது என்ன உப்பு என்று பிரித்துச் சொல்லாது. கிருமி இருந்தால் வாயே திறக்காது. அதை வைத்துக்கொண்டு 'எங்க தண்ணி நூறுதான் காட்டுது, சூப்பர்' என்று சொல்பவர்களிடம் வாதாடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

செவ்வாய், மீஞ்சூர்

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று தாண்டத் தாண்ட ஜன்னல் காற்றில் உப்பும் புகையும் சேர்ந்து வந்தன. அத்திப்பட்டு தாண்டினால் திடீரென்று வயல்காடு, பனை. மீஞ்சூரில் இறங்கி டீ குடித்தேன். டீ கரித்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "கேன் தண்ணி சார், கிளாஸ் கழுவுறதுதான் ஊர்த் தண்ணி" என்றார்.

இந்த ஊரின் கதையைக் கல்லூரியில் பாடமாகவே நடத்தினார்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடலில் சேரும் இந்தப் பகுதிக்கு அடியில் பழைய ஆற்றுப்படுகைகள் புதைந்து கிடக்கின்றன. கரடு முரடான மணலும் சரளையும். மேலே களிமண் மூடி, கீழே தண்ணீர். 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆய்வு செய்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று மூன்று கிணற்றுத் தொகுதிகளை அடையாளம் கண்டார்கள். அப்புறம் என்ன, நகரத்துக்கும் மணலிப் பக்கத்து ஆலைகளுக்கும் இங்கேயிருந்து இறைப்பு. விவசாயமும் இதே தண்ணீரில்தான்.

கடலோரத்தில் நிலத்தடி நீர் நிற்பது ஒரு தள்ளுமுள்ளு. நல்ல தண்ணீர் நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது, கடல் நீர் கனமானது, அடி வழியாக உள்ளே தள்ளுகிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை கடல் வெளியே நிற்கும். இறைப்பு கூடி, மழையும் பொய்த்து, மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போனால் கடல் உள்ளே வரும். இங்கே அதுதான் நடந்தது. 1969இல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உப்பு, 1983 வாக்கில் 9 கிலோமீட்டர்வரை வந்துவிட்டது. அதோடும் நிற்கவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு பெரியவர் வயலோரக் கிணற்றைக் காட்டினார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். உறை இறக்கிய கிணறு, சிமெண்ட் வளையங்கள் உள்பக்கம் பொரிந்து கம்பி வெளியே தெரிந்தது. தண்ணீர் இருக்கிறது, கைக்கு எட்டும் ஆழத்தில்தான். மேலே ஒரு பழைய மோட்டார், இணைப்பு இல்லாமல்.

"தண்ணி இருக்கேய்யா" என்றேன்.

"இருக்கு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிடும்."

சின்ன வயதில் இதே கிணற்றில் இறங்கிக் குடித்திருக்கிறாராம். ஏற்றம் போட்டு இறைத்த காலம். பிறகு மோட்டார் வந்தது, மட்டம் இறங்க இறங்கக் கிணற்றுக்குள்ளேயே ஒரு போர் போட்டார்கள். ஒரு வறட்சியில் நெல் நுனி கருகியது. மருந்து அடித்துப் பார்த்தார்கள், உரம் மாற்றினார்கள். தண்ணீர்தான் காரணம் என்று தெரிய இரண்டு போகம் ஆனதாம். அடுத்து மழை கொட்டிய வருஷம் கிணறு நிரம்பி வழிந்தது, உப்பு மட்டும் போகவில்லை.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் மீஞ்சூர் வந்தேன். ஏன் போகவில்லை? ஒன்று, கணக்கு. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, அதில் குளோரைடு மட்டும் 19 கிராம். நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு லிட்டர் கடல் நீர் கலந்தாலே குளோரைடு 380 மில்லிகிராமுக்குப் போய்விடும். குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு 250தான். கெடுப்பதற்கு இரண்டு சதவீதம் போதும், திரும்பக் கழுவுவதற்குப் பல மடங்கு நல்ல தண்ணீர் வேண்டும். இரண்டாவது, களிமண். உப்பில் இருக்கும் சோடியம் களிமண் துகள்களில் போய் ஒட்டிக்கொள்கிறது, அங்கே இருந்த கால்சியம் வெளியே வருகிறது. நல்ல தண்ணீர் திரும்பி வந்தாலும் ஒட்டிய சோடியம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். மட்டம் ஏறுவதற்கு ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழை போதும். உப்பு கழுவிப் போவதற்கு ஒரு தலைமுறையே போதாது.

என் மீட்டரை அந்தக் கிணற்றில் விட்டேன். நான்கு இலக்கத்தில் எண் ஏறிக்கொண்டே போய், கடைசியில் அளவுக்கு மேல் என்று காட்டி நின்றது. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மெசின் வேணுமா?" என்றார்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், காட்டுப்பள்ளியில், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2010இல் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். மீஞ்சூர் ஆலை என்றுதான் அதற்குப் பெயர். நல்ல தண்ணீரை இறைத்துக் கடலை உள்ளே விட்ட அதே ஊரில், இப்போது மின்சாரம் கொடுத்துக் கடலிலிருந்து நல்ல தண்ணீர் பிரிக்கிறோம். எனக்கு இதில் கோபமும் வரவில்லை, பெருமையும் வரவில்லை. நகரம் இந்த அளவுக்கு வளர்ந்த பிறகு ஆலை வேண்டாம் என்று சொல்லுகிற தைரியம் எனக்கில்லை. பெரியவருக்கும் அந்த ஆலைத் தண்ணீர் வருவதில்லை.

புதன், தாமரைப்பாக்கம், பூண்டி

செங்குன்றத்திலிருந்து பஸ். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றின் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இறங்கினால் ஆறு என்று சொல்ல மணலும் கருவேலமும்தான். ஆனால் இங்கே கிணறுகளில் தண்ணீர் இருக்கிறது, குடிக்கவும் முடிகிறது. கடல் எட்டாத தூரம். மழைக்காலத்தில் பூண்டி திறந்தால் ஆறு ஓடும், அணைக்கட்டில் தேங்கும், மணல் வழியாக உள்ளே இறங்கும். ஆற்று மணலைச் சும்மா நினைக்கக் கூடாது. அதன் இடுக்குகளில்தான் தண்ணீர் தங்குகிறது. மணலை அள்ளிக்கொண்டு போனால் தண்ணீரின் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போன மாதிரிதான். கொசஸ்தலையிலும் ஆரணியிலும் அப்படி நிறையப் போயிருக்கிறது.

இரண்டு ஆறுகளிலும் அங்கங்கே தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கிணறுகளில் மட்டமும் ஏறுகிறது, உப்பும் இளகுகிறது. எட்டப் போகப் போகப் பலன் குறையும். ஆரணியாற்றில் பாலேஸ்வரம் தடுப்பணை இதற்கு நல்ல உதாரணம்.

பம்புசெட் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி பழைய கணக்கைச் சொன்னார். பஞ்ச காலங்களில் இந்தப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து நகரத்துக்கு விலைக்குத் தண்ணீர் வாங்கினார்கள். "நெல்லு போட்டா மழைய நம்பணும், தண்ணிய வித்தா மாசம் பொறந்தா காசு. என்ன பண்ணுவோம்?" விற்றவர் கிணறும் விற்காதவர் கிணறும் அடியில் ஒன்றுதான் என்பதால், விற்காதவர் பக்கம் சண்டை. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கே போகவில்லை என்றார். யார் விற்றது, யார் விற்காதது என்று நான் கேட்கவில்லை.

பூண்டிக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது அடிக்கல் நாட்டி, 1944இல் முடிந்த நீர்த்தேக்கம். அவர் அதைப் பார்க்க இல்லை, 1943இலேயே போய்விட்டார். கிருஷ்ணா தண்ணீர் 1996 முதல் கண்டலேறு கால்வாய் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்தால் 11 டிஎம்சிக்குக் கொஞ்சம் கூட. 2019 ஜூனில் இந்த நான்கிலும் இருந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஏரி வறண்டால் குழாய் நிற்கும் என்பது நேரடிக் கணக்கு. குழாய் நின்ற அன்றே ஒவ்வொரு வீட்டு மோட்டாரும் தரைக்குள் இறங்கும் என்பதும் அதில் சேர்ந்த கணக்கு. ஏற்கெனவே மழை இறங்காத நிலத்தில்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் கை வைக்கிறார்கள்.

வியாழன்

வெயில் தாங்கவில்லை. எங்கும் போகவில்லை. சாயங்காலம் வில்லிவாக்கம்வரை மாமாவோடு நடை. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்து நின்ற ஊர் இது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். இங்கிருந்து குழாய் போட்டுக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மாமா போய்ப் பார்த்திருக்கிறார். மாலை போட்டு, வாழைமரம் கட்டி, டிவிக்காரர்கள் கூட்டம். நகரத்துக்கு அப்போது குறைத்துக் கொடுத்த தண்ணீரே நாளுக்கு 52 கோடி லிட்டர். ஒரு ரயில் அதில் அரை சதவீதம். மாமாவிடம் இதைச் சொன்னதும், "அரை சதவீதத்துல என் குடமும் இருந்துச்சுல்ல" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

வெள்ளி, ஏழுகிணறு, மயிலாப்பூர்

ஜார்ஜ் டவுனின் வடக்கே ஏழுகிணறு. கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொடுக்க 1772இல் இங்கே கிணறுகள் தோண்டினார்கள். வள்ளலார் பல ஆண்டுகள் வாழ்ந்த வீராசாமி தெருவும் இங்கேதான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு கோட்டைக்கே ஊற்றும் அளவுக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருக்கிறது என்றால், அன்றைக்கு மேலே வெறும் மணல், மழை விழுந்தால் நேரே உள்ளே. இன்றைக்கு மேலே சிமெண்ட், தார், அதற்கு அடியில் பல தலைமுறைக் கழிவுநீர்க் குழாய்.

பழைய நகரத்தில் உப்பைவிடப் பெரிய பயம் இந்தக் கழிவுநீர்தான். வறட்சி வந்தால் மழை நின்றுவிடும், கழிவு நிற்காது. ஓட்டைக் குழாயிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் கசிவது தினமும் கசிந்துகொண்டேதான் இருக்கும், கலக்க வரும் நல்ல தண்ணீர் மட்டும் இல்லை. ரசம் சுண்டினால் போட்ட உப்பு அப்படியே நின்று கரிப்பதைச் சமைக்கிறவர்கள் அறிவார்கள். நிலத்தடியில் உப்போடு நைட்ரேட்டும் சேர்ந்து கெட்டியாகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது நைட்ரேட்டின் எல்லை. மற்றவற்றுக்குத் தரும் 'வேறு வழியில்லை என்றால்' சலுகை இதற்குக் கிடையாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீரில் இது அதிகம் இருந்தால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுக்கும். 'நல்லா கொதிக்க வெச்சுதானே குடுக்கறோம்' என்று ஒரு பாட்டி சொன்னார். கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் ஆவியான அளவுக்கு இன்னும் கெட்டியாகும். பாட்டியிடம் சொன்னேன். நம்பவில்லை, மருமகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

இன்னொன்று குழாய்த் தண்ணீர் விஷயம். பஞ்ச காலத்தில் ஒரு நாள் விட்டு, இரண்டு நாள் விட்டு என்று முறை வைப்பார்கள். குழாயில் தண்ணீர் ஓடாத நேரத்தில் உள்ளே அழுத்தம் இல்லை. வெளியே சாக்கடை. யாராவது தெருக் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால், மூட்டுகளின் விரிசல் வழியாக வெளியில் இருப்பது உள்ளே வரும். முதல் பத்து நிமிடம் வரும் கறுப்புத் தண்ணீரை வடசென்னையில் கீழே விட்டுவிட்டுத்தான் குடம் வைப்பார்கள். மோட்டார் மாட்டும் வீட்டுக்காரர் யார் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும், கேட்கத்தான் ஆளில்லை.

மயிலாப்பூருக்கு வந்தபோது கபாலீஸ்வரர் கோயில் குளத்தில் தண்ணீர் இருந்தது, படிகள் நிறையத் தெரிய. மாட வீதியில் பூக்கட்டும் அக்கா, குளம் வற்றினால் இரண்டு வாரத்தில் தன் வீட்டுக் கிணறும் வற்றும் என்றார். குளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் லாரிக்குச் சொல்லிவைப்பாராம். அவருடைய முன்னறிவிப்பு முறைக்கு நான் என் பட்டத்தையே எழுதிக் கொடுப்பேன்.

சனி, திருவான்மியூர்

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள். பெசன்ட் நகரிலிருந்து கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று தெற்கே போகும் கரை முழுவதும் மணல். பழைய மணல்மேடுகள். மழை விழுந்தால் தேங்கவே தேங்காது, நேரே கீழே போய்விடும். கீழே போய் எங்கே நிற்கிறது? கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய சூத்திரம். இரண்டின் கன வித்தியாசம் அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். அன்றைக்கே ஏறாது, மெதுவாக ஏறும். ஆழ்துளைக் குழாய் போட்டு ஒரே இடத்தில் பலமாக இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் குமிழாக மேலே வரும்.

ஆகவே இந்த மணலில் ஆழம் என்பது நண்பன் கிடையாது. ஊர்க்கிணறு மாதிரி அகலமாக, மேலாகத் தோண்டி, பரவலாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் தண்ணீர் நல்லபடி இருக்கும். ஆழமாகப் போனால் கடலிடம் போகிறோம். இதைத் தெரிந்தும் 2019இல் இந்தப் பக்கம் எத்தனை வண்டிகள் போர் போட வந்தன!

நண்பனின் அடுக்ககம் திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடை. பழைய வீட்டை இடித்துக் கட்டியது. அந்த வீட்டின் உறை கிணறு காம்பவுண்டு மூலையில் இன்னும் இருக்கிறது, கம்பி வலை போட்டு மூடி. 2019 மே மாதத்தில் அது சேறானது. குடியிருப்போர் சங்கத்தில் கூடிப் பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து, போர் போட்டார்கள். முதல் வாரம் தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம், கேக் வெட்டாத குறை. ஒரு மாதத்தில் சோப்பு நுரைக்கவில்லை. இரண்டு மாதத்தில் ஷவர் துளைகள் வெள்ளை பூத்து அடைத்துக்கொண்டன. ஹீட்டரின் காயில் போனது. அப்புறம் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின் வந்தது. அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழித்து வெளியே தள்ளும், தண்ணீர் கரிக்கக் கரிக்க இன்னும் கூட. ஆக, தண்ணீர்ப் பஞ்சத்தில் முக்கால்வாசியைச் சாக்கடையில் விடுகிற ஏற்பாடு.

நண்பன் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் குழாய்களைக் காட்டினான். மழைநீர் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானபோது போட்டது. மாடி நீர் கீழே ஒரு குழிக்குப் போகும், குழியில் கல்லும் மணலும். எட்டிப் பார்த்தால் குழிமேல் யாரோ கார் நிறுத்த சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தால் பலன் இருந்தது, அடுத்த சில மழைகளில் கிணறுகள் ஏறின என்பதெல்லாம் உண்மை. சட்டம் குழி தோண்ட வைத்தது. வருஷா வருஷம் அந்தக் குழியைத் தூர்வார வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை.

மந்தைவெளியில் 2002 முதல் இயங்கும் மழை மையம் இதே விஷயத்தைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கிணறு இருந்தால் மாடித் தண்ணீரை வடிகட்டி நேராகக் கிணற்றிலேயே விடுங்கள் என்பது எளிய வழி. நண்பன் வீட்டு மூலைக் கிணற்றில் மீட்டரை இறக்கினேன். ஐந்நூறைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். பதினைந்தடி தள்ளி இருக்கும் போர் தண்ணீரில் விட்டால் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஒரே காம்பவுண்டு, ஒரே மழை. நண்பன் இரண்டு எண்ணையும் போனில் படம் எடுத்துச் சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டான். முதல் பதில்: 'மீட்டர் சரியானதா?'

ஞாயிறு, வேளச்சேரி, பள்ளிக்கரணை

கிண்டி, வேளச்சேரிப் பக்கம் அடியில் பாறை. சார்னோக்கைட் என்று பெயர், புனித தோமையார் மலையைத் தூக்கி நிறுத்தியிருப்பதும் அதுதான். பாறைக்குள் தண்ணீர் என்றால் விரிசலில் இருப்பது மட்டுமே. மேலே மக்கிய பாறை அடுக்கில் கொஞ்சம், கீழே அங்கங்கே ஒரு ஓடை. பக்கத்து வீட்டுக்கு வந்தால் நமக்கும் வரும் என்ற கணக்கு இங்கே செல்லாது. இருநூறடி, முந்நூறடி என்று போய்ப் புகை மட்டும் வந்த வீடுகளும் உண்டு. வறட்சியில் மேலடுக்கு முதலில் காயும். மிச்சம் ஆழத்து விரிசலில் பல காலம் பாறையோடு கிடந்த தண்ணீர், அதிலிருந்து கரைந்ததெல்லாம் சேர்ந்து கடினமாக இருக்கும். பருப்பு வேகாது.

போர் போடும் வண்டியில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் டீக்கடையில் கிடைத்தார், நாமக்கல் பக்கம். பஞ்சத்தில்தான் அவர்களுக்கு முகூர்த்த காலம். "வாசனையிலேயே தெரியும் சார். அழுகின முட்டை நாத்தம் வந்தா ஓனர் மூஞ்சியப் பாக்காம வண்டிய மடக்கிடுவோம்." எங்கே அப்படி வரும் என்றதற்குப் பெருங்குடி பக்கம் கையைக் காட்டினார்.

பெருங்குடியில் குப்பை மேடு. அதற்கு எதிரே, அதைச் சுற்றி, பள்ளிக்கரணைச் சதுப்பு. ஒரு காலத்தில் இதைப் போலப் பல மடங்கு பரப்பு. உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் ஏறியது 1,247 ஹெக்டேர். தென்சென்னையின் மழை முழுவதும் வடிந்து வந்து தங்கி, கொஞ்சம் தரைக்குள் போய், மிச்சம் கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும் இடம். பஞ்சத்தில் இது சுருங்கும். குப்பையிலிருந்து கசியும் கறுப்பு நீர் சுருங்காது. 2015 வெள்ளத்தில் இதே வேளச்சேரியில் முதல் மாடிக்குப் படகு வந்தது, நான்கு வருஷம் கழித்து இதே தெருக்களில் லாரிக்கு வரிசை. ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. பெரும்பாலும் மூன்றே மாதத்தில் பெய்துவிடுகிறது, அந்த மூன்று மாதத்துக்கு இடம் வைக்கவில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில், அதாவது ஓ.எம்.ஆரில், லாரிகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடின. 12,000 லிட்டர் லோடு. எங்கே நிரப்புகிறீர்கள் என்று ஒரு டிரைவரிடம் கேட்டேன். "உள்ள" என்றார், கையைத் தெற்கே பொதுவாக வீசி. புறநகர் கிராமத்துக் கிணறுகள். மீஞ்சூரில் பார்த்த அதே இறைப்புத்தான், குழாய்க்குப் பதில் சக்கரம். அங்கே மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவர் சொல்வதுமில்லை. லோடு வந்ததும் வாட்ச்மேன் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறார். தரப்பரிசோதனை முடிந்தது.

இரவு ஊருக்குக் கிளம்பும்முன் திருவான்மியூர் நண்பன் போன் செய்தான். நேற்றைய படம் குழுவில் பெரிய விவாதமாகிவிட்டதாம். ஒரு கட்சி இன்னும் ஆழமாக இரண்டாவது போர் வேண்டும் என்கிறது. இன்னொரு கட்சி, மாடித் தண்ணீரைப் பழைய கிணற்றுக்குத் திருப்பலாம், போரை நிறுத்திவைக்கலாம் என்கிறது. என்னை எழுதித் தரச் சொன்னான். எழுதிவிட்டேன்: இரண்டாவது போர் போட வேண்டாம். இருக்கும் போரை மூடுங்கள். பருவமழைக்கு முன்னால் குழிமேல் இருக்கும் சிமெண்டை உடையுங்கள், கிணற்றில் விடும் தண்ணீருக்கு முன்னால் ஒரு வடிகட்டித் தொட்டி வையுங்கள், முதல் மழையின் அழுக்கை வெளியே விட ஒரு வால்வு. ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரேட்டும், கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமியும் பாருங்கள், என் பேனாவை நம்பாதீர்கள். கிணறு ஏறினாலும் போரின் உப்பு இந்த வருஷமே இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சங்கக் கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் சேரவில்லை. ஐபிஎல் ஃபைனல். கூட்டம் அடுத்த ஞாயிறு.